மாசி போடாத கறி

பிலிமத்தலாவையில் எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் லீலா மெனிக்கே. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து, “கொஹெத யன்னே?” என்பார். சிங்களத்தில் எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். கும்பகோணத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை வெளியே வைக்கிற நேரத்தில் ஒருவர் ‘எங்கே’ என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது என்று நம் வீடுகளில் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அப்படியே செய்தேன். அவர் கேட்பார், நான் முகத்தைச் சுளிக்காமல் திரும்பி உள்ளே போவேன், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கண்டிக்குப் போகும் பஸ் போய்விடும். ஒரு மாதம் இப்படி நடந்தபின் ஒரு நாள் மாலை லீலா மெனிக்கே ஒரு கட்டு வல்லாரைக் கீரையோடு வந்தார். என் கணவரைத் தனியே கூப்பிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில், “மிஸ்ஸுக்கு மறதி ஜாஸ்தி போல. தினமும் எதையோ மறந்துவிட்டுத் திரும்பப் போகிறார். சின்ன வயசுதானே, இதைச் சாப்பிட்டால் சரியாகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை என்பது எனக்கு விளங்க வெகுநாளாயிற்று. நம் ஊரில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பது போலத்தான் அது. “மே லங்கட்ட” என்று சொன்னால் போதும். இதோ பக்கத்தில்தான் என்று பொருள். கொழும்புக்குப் போனாலும் பக்கத்தில்தான். இப்போது நானே பல நாள் அவரை முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.

இதை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. சிரிக்க முடியாத ஒன்று, பிலிமத்தலாவைக்கு வருவதற்கு முன்பு நாங்கள் மூன்று வருஷம் இருந்த, கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில் நடந்தது. அங்கே மொழி தடையாக இருக்கவில்லை. அவர்கள் பேசியதும் தமிழ், நான் பேசியதும் தமிழ். அதனால்தான் அதை மறதிக்கும் வல்லாரைக்கும் கொண்டுபோய் முடிக்க முடியவில்லை.

என் கணவர் கோயம்புத்தூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். இங்குள்ள தோட்டங்களில் அவற்றைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். இரண்டு வருஷம் என்று சொல்லி வந்தது, இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மஹய்யாவையில் கிடைத்த வீடு இரட்டை வீட்டில் ஒரு பாதி. நடுவில் ஒரே சுவர். பின்பக்க முற்றமும், தண்ணீர்க் குழாயும், துணி காயப்போடும் கொடியும் பொது. மறுபாதியில் தெய்வானை இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒரு கார்மென்ட்டில் தையல் வேலை. கணவர் முத்தையா. எட்டு வயதில் வசந்தி என்று ஒரு மகள்.

சாமான் இறக்கிய அன்றைக்கே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோடு தெய்வானை வந்தார்.

“வாங்க தங்கச்சி. இந்தியாவுல எந்தப் பக்கம்?”

“கும்பகோணம்.”

“எங்க தாத்தாவும் அங்கிட்டுதான். முசிறிப் பக்கம்னு சொல்வாங்க. நாங்க யாரும் பாத்ததில்ல. கும்பகோணம் அதுக்குக் கிட்டயா?”

பெரிய தூரமில்லை என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. அன்றிலிருந்து நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி இல்லை, பக்கத்து ஊர்க்காரி. கடல் தாண்டி வந்த இடத்தில் “வாங்க, போங்க” என்று நம் ஊர் வாயோடு ஒருவர் பேசியதைக் கேட்டு எனக்கும் கண் நிறைந்துதான் போயிற்று. அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் தாங்கியது.

தெய்வானை கூப்பிட்டுவிட்டு வரமாட்டார். பின்கதவு திறந்திருந்தால் அடுப்படிக்கே வந்துவிடுவார். வந்ததும் மூடியிருக்கிற சட்டியைத் திறந்து பார்ப்பார். “என்னா தங்கச்சி, இன்னைக்கும் சாம்பாரா?” என்பார். மழை வந்தால் என் துணிகளையும் சேர்த்துக் கொடியிலிருந்து எடுத்து, உள்ளாடைகள் உட்பட எல்லாவற்றையும் மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருப்பார். குளித்துவிட்டு வந்து அதைப் பார்க்கையில் எனக்கு உடம்பு கூசும். கல்யாணமாகி எத்தனை வருஷம், ஏன் இன்னும் பிள்ளை இல்லை, டாக்டரிடம் காட்டினீர்களா என்று வசந்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்பார். சுவர் மெல்லிசு. நானும் என் கணவரும் சண்டை போட்டால் மறுநாள் அதற்கும் சமாதானம் சொல்லுவார்.

வேண்டாம் என்று ஒரு நாளும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குள் யார் எதுவரை வரலாம் என்பதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. பால்காரர் வாசலோடு நிற்பார். கீரைக்காரம்மா நடைவரை. வீட்டு வேலைக்கு வந்தவருக்குப் பின்கட்டில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அவரே அதை எடுத்து, கழுவி, கவிழ்த்து வைப்பார். எல்லோருக்கும் கோடு தெரியும் என்பதால் எங்களுக்கு வாயால் மறுக்கத் தெரியாமல் போயிற்று. மஹய்யாவையில் அந்தக் கோடு தெரியாத ஒருவர் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். உள்ளே எரிச்சல் சேர்ந்துகொண்டே வந்தது.

சாப்பாடு வேறு. நாங்கள் சைவம். இங்கே மாசி என்று ஒன்று உண்டு. மாதத்தின் பெயர் இல்லை. விறகுத் துண்டு போலக் காய்ந்து இறுகிய மீன். அதை இடித்துச் சம்பல், கீரை, பருப்பு என்று சகலத்திலும் போடுவார்கள். தெய்வானை முதல் வாரம் கொண்டுவந்த தேங்காய்ச் சம்பலில் அது இருந்தது. மீன் சாப்பிடமாட்டோம் என்றேன். “மீன் போடலயே தங்கச்சி. மாசிதானே கொஞ்சம் போட்டேன், வாசத்துக்கு” என்றார் நிஜமான ஆச்சரியத்தோடு. அதுவும் மீன்தான் என்று நான் விளக்கியதை அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை இடியாப்பமும் வெறும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன. மாசி இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த இடியாப்பத்தைச் சாப்பிட்ட மறுவாரம், கடைக்குப் போய்த் திரும்புகையில், சாலையோரம் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர்களில் முத்தையாவைப் பார்த்தேன். மாநகர சபையில் வேலை என்று தெரியும். ஆபீஸில் ஏதோ வேலை என்று நானாக நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கையில் மண்வெட்டியோடு. அவருடைய அப்பாவும் அப்பாவுடைய அப்பாவும் இதே வேலையில் இருந்தவர்கள் என்று பிறகு தெய்வானையே சாதாரணமாகச் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த எதையும் நான் சாப்பிடவில்லை. யாராவது காரணம் கேட்டிருந்தால் மாசி என்று சொல்லியிருப்பேன். எனக்கு நானேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வாங்கிக்கொள்வேன். “ஐயோ எதுக்கு சிரமம்” என்று சிரித்தபடி இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைப்பேன். மறுநாள் அதைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, குப்பையோடு வெளியே வைத்துவிடுவேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கையில், “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பேன். அவர் முகம் மலர்ந்துபோகும். அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

இங்கே பிஞ்சுப் பலாக்காயில் ஒரு கறி செய்வார்கள். பொலஸ் என்பார்கள். மசாலாவும், கொறுக்கா என்கிற குடம்புளியும் போட்டு, விறகடுப்பில் மெதுவாக, காய் கறுத்துக் குழையும்வரை நாள் முழுக்க வேகவிட வேண்டும். ஒரு பௌர்ணமி நாளில், போயா விடுமுறையன்று, தெய்வானை அதைச் செய்தார். காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகையும் வாசனையும் வந்துகொண்டே இருந்தன. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டிலிருந்து முத்தையா பிஞ்சுக் காயாகப் பார்த்துப் பறித்து வந்திருந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பால் வடிய வடிய அவரே முற்றத்தில் உட்கார்ந்து நறுக்கினார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். சாயங்காலம் சோறும் பொலஸும் வாழையிலையில் வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டிய பொட்டலம் ஒன்றை தெய்வானை கொண்டுவந்தார்.

“மாசி போடல, வெங்காயம்கூட கம்மியாதான் போட்டேன். தைரியமா சாப்பிடுங்க. அவருதான் சொன்னாரு, தங்கச்சிக்கு இது புடிக்கும் பாருன்னு.”

வாங்கிக்கொண்டேன். பிரிக்கக்கூட இல்லை. மறுநாள் காலை குப்பைப் பையில் போட்டு கேட்டருகே வைத்தேன்.

முத்தையாவுக்கு வேலை எப்போதும் சந்தைப் பக்கம்தான். அன்று எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருபவர் லீவில் போயிருந்திருக்கிறார். குப்பை ட்ராக்டர் மணியடித்தபோது நான் இன்னொரு பையையும் கொடுக்கலாம் என்று கேட்டுக்கு வந்தேன். அதே நேரத்தில் முத்தையா குனிந்து முதல் பையைத் தூக்கினார். அடி பிய்ந்துகொண்டது. காய்கறித் தோல், காப்பித்தூள் சக்கை, அவற்றின் நடுவே வாழையிலைப் பொட்டலம், கட்டிய நார் கட்டியபடியே, அவருடைய காலருகில் விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். எனக்கு அப்படியே திரும்பி உள்ளே ஓட வேண்டும் போலிருந்தது. அவர் குனிந்து அந்தப் பொட்டலத்தை மட்டும் கையால் எடுத்து, எறியாமல், ட்ராக்டர் பெட்டிக்குள் ஒரு மூலையில் வைத்தார். பிறகு ஈர்க்குமாற்றை எடுத்துக் கீழே கிடந்ததைக் கூட்டினார்.

“பை கிழிஞ்சிருச்சிங்கம்மா. நான் கூட்டிர்றேன், நீங்க உள்ள போங்க” என்றார்.

அதுவரை அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தெய்வானை தண்ணீர்க் கட்டண ரசீதைக் கொடுக்க வந்தார். பின்கதவு திறந்துதான் இருந்தது. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, வெளியே நின்று, “வீட்ல இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார். ரசீதை நீட்டிவிட்டுத் திரும்பினார். எனக்கு அப்போது ஏற்பட்டது நிம்மதிதான், வெட்கம் இல்லை. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வாரம் யாரும் என் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்ட கோடு ஒரு வார்த்தை பேசாமலே விழுந்துவிட்டது.

பிறகு ஒரு பிற்பகல். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். “மழை வருதுங்க, துணி கெடக்கு” என்று யாரோ கூப்பிடுவது போலிருந்தது. மறுபடி, “மழை வருதுங்க.” எழுந்து வருவதற்குள் கண்டி மழை கொட்டிவிட்டது. தெய்வானை தன் வீட்டுத் தாழ்வாரத்தில் தன் துணிகளைக் கையில் அணைத்துக்கொண்டு நின்றார். கொடியில் என் துணிகள் மட்டும் நனைந்துகொண்டிருந்தன. “கூப்பிட்டனுங்க. நீங்க எந்திரிக்கல” என்றார். அதில் குத்தல் இல்லை. தொட்டால் எனக்குப் பிடிக்காது என்பதைத் தெரிந்துகொண்ட ஒருவருடைய ஜாக்கிரதைதான் இருந்தது. நனைந்த புடவைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கையில்தான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

மறுநாளே மன்னிப்புக் கேட்கப் போனேன். குடிவந்த நாளிலிருந்து நான் அவர்கள் வீட்டுக்குள் போனது அதுதான் இரண்டாவது தடவை. தெய்வானை எழுந்து கதிரையை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும் வசந்தியைக் கடைக்கு அனுப்பினார். அவள் ஒரு சோடாப் போத்தலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிவந்தாள். தெய்வானை போத்தலை உடைக்கவில்லை. பிஸ்கட்டைப் பிரிக்கவில்லை. இரண்டையும் அப்படியே ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் மூடி திறக்கும் கட்டையையும் வைத்து, என் முன்னால் நகர்த்தினார்.

“கடையில வாங்குனதுதாங்க. யாரும் தொடல.”

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்புப் பக்கம் பார்த்தேன். பலகையில் கறுத்த சட்டிகளுக்கு மேல் தனியாக ஒரு மண்சட்டி கவிழ்த்திருந்தது. அதிகம் புகை படியாதது. நான் பார்ப்பதைப் பார்த்த வசந்தி, “அது ஒங்க சட்டி. அதுல அம்மா மீனு ஆக்கமாட்டாங்க. எங்களயும் தொட விடமாட்டாங்க” என்றாள்.

“சும்மா இருடி” என்றார் தெய்வானை.

நான் பேச ஆரம்பித்தேன். “அன்னிக்கு அந்தப் பொட்டலம்… அதுல மாசி இருக்குமோன்னு ஒரு சந்தேகம். எங்க வீட்டுப் பழக்கம் அப்படி. தப்பா நினைச்சுக்காதீங்க” என்றேன். மாசி இல்லை என்று அவர் சொல்லித்தான் கொடுத்தார். சட்டி எதிரே இருக்கிறது. இரண்டும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

“விடுங்க. ஒங்க பழக்கம் ஒங்களுக்கு. நாங்கதான் வெளங்காம இருந்துட்டோம்” என்றார். பிறகு, “இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னதும் நம்ம ஆளுன்னு நெனச்சிட்டேன். எங்க தாத்தா ஏன் அந்த ஊர வுட்டு வந்தாருன்னு எங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கு மறந்துபோச்சு” என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனவள், மாசியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த வருஷம் பிலிமத்தலாவைக்கு வீடு மாறினோம். எங்கள் மகள் மீரா இங்கே பிறந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சிங்களமும் தமிழும் கலந்து வளர்ந்து, மாசிச் சம்பல் இல்லாமல் பாண் இறங்காது என்கிறாள். நம் ஊர் ரொட்டியைத்தான் இங்கே பாண் என்கிறோம். அவளை நான் தடுத்ததில்லை. என் நாக்கு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சைவம் என்பது எனக்குப் பொய்யில்லை. மீன் வாசம் இன்றைக்கும் ஆகாது. ஆனால் அந்த உண்மையை நான் எதற்குப் போர்வையாக்கினேன் என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் போல வெளியூர் வந்து, “நாங்கள் சைவம்” என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்கிறவர்களை இப்போது பார்த்தால், அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் கும்பகோணம் போயிருந்தேன். அண்ணி காப்பி போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை தீர்ந்திருந்தது. நான் யோசிக்காமல் பக்கத்து வீட்டுப் பின்கதவு வழியே அடுப்படிக்குள் போய், “சீனி கொஞ்சம் இருக்கா?” என்றேன். அந்த வீட்டு அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். “அங்கயே இருங்க, நான் கொண்டுவரேன்” என்றார். நான் போன பிறகு அண்ணியிடம், “உங்க சிலோன்காரி நாத்தனார் கதவைத் தட்டாமலே வந்துடறா” என்று சொன்னாராம். அண்ணி சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். எங்கே பழகினேன் என்று சொல்லவில்லை.

போன வருஷம் வசந்திக்குக் கல்யாணம். தெய்வானை பிலிமத்தலாவைக்கே தேடி வந்து பத்திரிகை வைத்தார். தலை நரைத்திருந்தது. முத்தையா காலமாகி நான்கு வருஷமாகிவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது. அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதற்கு இனி ஆளில்லை.

கணவர் கோயம்புத்தூர் போயிருந்ததால் நானும் மீராவும் கல்யாணத்துக்குப் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்து எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இன்று எல்லோரோடும் நின்று, சோறும் பருப்புமாவது அந்தப் பாத்திரங்களிலிருந்தே வாங்கிச் சாப்பிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். தட்டை எடுத்ததும் தெய்வானை பட்டுச் சேலையோடு ஓட்டமாக வந்து கையைப் பிடித்தார்.

“நீங்க இங்க நிக்காதீங்க தங்கச்சி. பருப்புலயும் மாசி போட்டிருக்கு. ஒங்களுக்குன்னு டவுன்ல சைவக் கடையில சொல்லி எடுத்து வச்சிருக்கு.”

“இருக்கட்டும் அக்கா. நான் இதையே சாப்பிடுறேன்.”

“வேணாம். ஒங்களுக்கு ஒத்துக்காது. நான் மறக்கல.”

அன்போடுதான் சொன்னார். தண்டனை என்று நினைத்துக்கொள்ளக்கூட அதில் இடமில்லை. ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். நான்கு கதிரைகள். துணியின் மேல் யாரோ பேனாவால் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம்: ‘இந்தியா’. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்றுதான் எழுதியிருக்கும். அந்தப் பெயர் ஒட்டிய மேசையில் நான் மட்டும் உட்கார்ந்தேன்.

மீரா தட்டு நிறையச் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். எதிரே கதிரையை இழுத்தாள். அவள் உட்காருவதற்குள் தெய்வானை தோளில் கை வைத்து, “இங்க வச்சு சாப்புடாத மக. இது அம்மாவோட மேசை. நீ வா, நம்மளோட இரு” என்று அழைத்துப் போனார். மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன். அவள் வசந்தியின் சொந்தக்காரப் பெண்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தி அவள் தட்டிலிருந்து அப்பளத்தை ஒடித்து எடுத்தாள். இவள் அவள் தட்டிலிருந்து எதையோ எடுத்தாள். என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை. நான் என் முன்னால் மூடியிருந்த தட்டைத் திறந்து, சாம்பாரைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினேன்.